கேள்விக்குறிப் பெட்டிக்குள் கணக்கு நோட்டு

என் மகளின் படிப்பு மேசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்களுக்குச் சொல்வது போதாதென்று, கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்கிறேன் என்பது மனைவியின் புகார். இருந்துவிட்டுப் போகட்டும். டோக்கியோவில் இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் நிஷி கசாயில், எங்கள் சின்ன ஃபிளாட்டின் ஜன்னலோரம் நிற்கிறது அந்த மேசை. மேலே மாரியோ விரிப்பு, பக்கத்தில் கேள்விக்குறிப் பெட்டி, மூலையில் பச்சைக் குழாய். இந்த வீட்டில் இதைவிட அழகான இடம் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்கு அங்கே உட்கார அனுமதி. இதைக்கூட அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன், முழங்கால் இடிக்க இடிக்க.

ஜப்பானில் ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போவது ஏறக்குறைய ஒரு வீட்டு விசேஷம். ஏப்ரலில் பள்ளி திறக்கும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னாலேயே கடைகளில் இரண்டு சாமான்கள் வரிசை கட்டிவிடும். ஒன்று ராண்டோசெரு என்கிற முதுகுப் பை. ஆறு வருஷம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்கிற பை அது; ஐம்பதாயிரம் யென்னைத் தாண்டுவதெல்லாம் சர்வ சாதாரணம். இன்னொன்று படிப்பு மேசை. இவற்றைத் தாத்தா பாட்டி வாங்கித் தருவது இங்கே வழக்கம் என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "நம்ம பக்கம் தாய்மாமன் முறையில்லயாடா அதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு அம்மா பேச்சை மாற்றிவிட்டார். ஆகவே செலவு என் தலையில்.

எங்கள் மேசை கொய்சுமி. ஒசாகாக் கம்பெனி. தன் வியாபார வேரை 1716 வரை கொண்டுபோகிற குழுமம். விளக்குத் தொழிலும் அவர்களுக்கு உண்டு; அதனால் மேசை விளக்கையும் ஏனோதானோ என்று செய்வதில்லை. கடையில் அந்த மேசையை முதலில் பார்த்தபோது எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. வெறும் மரம். ஒரு மாரியோ இல்லை, ஒரு பிகாச்சு இல்லை. கார்ட்டூன் முகம் அச்சடித்த கதவு, கார் வடிவத்தில் கட்டில் என்று கற்பனை பண்ணிக்கொண்டு போன எனக்கு இது என்னடா என்றிருந்தது. விற்பனையாளர் பெண்மணி அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. பக்கத்துச் சட்டத்தில் தொங்கிய விரிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்ட ஆரம்பித்தார். போக்கிமோன், மாரியோ, இளவரசிகள், ரயில்கள், உலக வரைபடம். அப்போதுதான் உறைத்தது. மேசை பத்து வருஷத்துக்கு. படம் இரண்டு வருஷத்துக்கு. ஆறு வயதில் பிகாச்சுவைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை, பன்னிரண்டு வயதில் சிநேகிதிகள் வீட்டுக்கு வரும் நாளில் அதே பிகாச்சுவைத் துண்டு போட்டு மூடும். மரத்தை அப்படியே விட்டுவிட்டு, மாற்றக்கூடிய சாமான்களில் மட்டும் விளையாட்டை வைத்திருக்கிறார்கள். விரிப்பு, நாற்காலி உறை, காலடிக் கம்பளம், பெட்டிகள், பேனா ஸ்டாண்ட். எவ்வளவு புத்தி!

விரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் மேசைமேல் கண்ணாடி போட்டு அடியில் போட்டோ செருகி வைப்போமே, அதே வேலைதான், ஆனால் மெத்தென்று. மேலே தெளிவான வினைல் தாள், அடியில் படம் அச்சடித்த தாள். இரண்டுக்கும் நடுவே பள்ளியில் கொடுக்கும் காகிதங்களைச் செருகலாம். ஜப்பானியப் பள்ளிகள் காகிதத்தில் வாழ்கின்றன. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும், மதியம் என்ன சாப்பாடு, எந்தத் தேதியில் நீச்சல் என்று தினம் ஒரு தாள் வரும். மகள் கால அட்டவணையைச் சரியாக மாரியோ குதிக்கிற இடத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறாள். கணக்குப் பாடம் வருகிற நாளெல்லாம் மாரியோ அதன்மேல் குதிக்கிறானாம்.

இங்கே சின்ன வகுப்புகளில் 2பி பென்சில்தான் கொண்டுவரச் சொல்கிறார்கள். மெக்கானிக்கல் பென்சில் கூடாது. 2பி கரி, உள்ளங்கையெல்லாம் அப்பும். வெறும் மரத்தில் எழுதினால் அழுத்திய எழுத்து பள்ளமாகவே பதிந்துவிடும். விரிப்பின்மேல் என்றால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, போச்சு. மேசைக்கு விளையாட்டு அலங்காரம் என்று நினைத்து வாங்கியது உண்மையில் மேசைக்குக் காவல்! மறுபக்கம் பெருக்கல் வாய்ப்பாடு போட்ட விரிப்புகளும் நிறைய உண்டு. இங்கே இரண்டாம் வகுப்பில் பாட்டு மாதிரி ஒப்பித்துப் படிக்கும் வாய்ப்பாடு ஒன்பதாம் வாய்ப்பாட்டோடு நின்றுவிடுகிறது. வீடியோ காலில் இதைக் கேட்ட அம்மா, "பதினாறு வரைக்கும் வேணாமா?" என்று பதறினார்.

சரி, மாரியோவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

குழந்தைகள் சாமான்களில் பொம்மைப் படம் ஒட்டுவது உலகம் முழுக்க நடப்பதுதான். வாளியில் ஒரு படம், குடையில் ஒரு படம். வாளிக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்காது. மாரியோ விஷயம் அப்படி இல்லை என்பதுதான் என் கட்சி. அந்த விளையாட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே ஒரு வீட்டுச் சாமான். பெட்டி இருக்கிறது, தட்டினால் உள்ளேயிருந்து ஏதாவது வரும். குழாய் இருக்கிறது, மேலேயிருந்து உள்ளே இறங்கலாம். செங்கல் இருக்கிறது, அடுக்கி ஏறி நிற்கலாம். இவற்றை நிஜத்தில் செய்துவைத்தால், ஒரு குழந்தைக்கு எதை எதற்குப் பயன்படுத்துவது என்று சொல்லித் தரவே வேண்டாம்.

1985 செப்டம்பரில் நிண்டெண்டோவின் ஃபமிகாம் விளையாட்டுப் பெட்டிக்கு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தபோது, மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு போட்டோவுக்குக்கூட அது காணாது. ஆகவே சிக்கனம். மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். திரையின் அகலம் 256 புள்ளி, ஒரு பெட்டி 16 புள்ளி. ஆக வரிசைக்கு 16 பெட்டி. அதை உருவாக்கிய மியாமோத்தோ ஷிகெருவும் தெசுகா தகாஷியும் விளையாட்டின் நிலைகளைக் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்தார்கள். அதாவது அந்த உலகம் பிறந்ததே சதுரத்தில். அலமாரித் தட்டும் சதுரம், இழுப்பறையும் சதுரம். ஒரு தச்சர் வரைந்த உலகம் என்று சொன்னால் நான் நம்பிவிடுவேன்.

மாரியோவின் உருவமும் இடநெருக்கடியில் பிறந்ததுதான். 1981-ல் அவன் முதலில் வந்த டாங்கி காங் விளையாட்டைச் செய்தபோது, இருந்த சொற்பப் புள்ளிகளில் முடி வரைய முடியாமல் தொப்பி. வாய் வரைய முடியாமல் மீசை. கை அசைவது தெரிய வேண்டுமே என்று சட்டைக்கு ஒரு நிறம், ஓவராலுக்கு ஒரு நிறம். இதனால் என்ன லாபம் என்றால், மேசைக்கு அந்தக் கோடியில் நின்றாலும், கண்ணாடி போடாத என் கண்ணுக்குக்கூட அது மாரியோதான். அறை முழுக்க முகமாக அப்ப வேண்டியதில்லை. ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு மஞ்சள் பெட்டி போதும்.

அந்த மஞ்சள் பெட்டிதான் எங்கள் வீட்டு நாயகன். உட்காரும் ஸ்டூலும் அதுதான், சாமான் போடும் பெட்டியும் அதுதான். நான்கு முகத்திலும் கேள்விக்குறி; ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஆணிப் புள்ளி. அந்த ஆணிப் புள்ளிகளைத்தான் நான் முதலில் தேடினேன். போலிச் சாமான்களில் கேள்விக்குறி மட்டும் இருக்கும், ஆணி இருக்காது; அப்போது அது வெறும் மஞ்சள் டப்பா. மூடியைத் தூக்கினால் உள்ளே நோட்டு, கைவேலைச் சாமான், பாதி சாப்பிட்ட பிஸ்கெட் (இது மனைவிக்குத் தெரியாது). மகள் மூடியைச் சும்மா தூக்குவதில்லை. முதலில் அடியில் கை முஷ்டியால் ஒரு தட்டு. பிறகுதான் திறப்பாள். நம்மில் நிறையப் பேர் மாரியோ மண்டையால் முட்டித்தான் பெட்டியை உடைக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். குதிக்கும் படத்தை உற்றுப் பாருங்கள், கை மேலே இருக்கும். குத்துவது முஷ்டி. இதை எனக்குச் சொல்லித் தந்தது அந்த ஸ்டூல்தான். அதாவது, அதைத் தட்டுகிற ஆறு வயதுக்காரி.

"உள்ள வை" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய வீடு இது. இப்போது கணக்கு நோட்டு தானாகப் பெட்டிக்குள் போகிறது. ஏன் என்று கேட்டேன். "பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லன்னா அப்புறம் தட்டுனா என்ன வரும்ப்பா?" என்றாள். இதற்குமேல் என்ன விளம்பரம் வேண்டும்?

பச்சைக் குழாய், பேனா ஸ்டாண்ட். குழாயின் வாய் உடம்பைவிடச் சற்று அகலம், விளையாட்டில் இருப்பது போலவே. அந்த விளிம்பைப் பிடித்துத் தூக்க வசதி. பச்சையில் ஒரு வெளிர் பட்டை செங்குத்தாக ஓடுகிறது பாருங்கள், அதுதான் குழாயை உருண்டையாகக் காட்டுவது. அதையும் விடாமல் போட்டிருக்கிறார்கள். இங்கே வாத்தியார்கள் திருத்துவதற்கும் பிள்ளைகள் கோடு போடுவதற்கும் சிவப்பு ஒரு முனை, நீலம் ஒரு முனையாக ஒரு பென்சில் உண்டு. மகள் அதைச் சிவப்பு முனை மேலே தெரியும்படிதான் செருகுவாள். அது விளையாட்டில் குழாயிலிருந்து எழும்புகிற கடிக்கும் செடியாம். கிட்டே கை கொண்டுபோனால் திட்டு விழும்.

உண்டியலும் உண்டு. அதுவும் கேள்விக்குறிப் பெட்டிதான், உள்ளங்கை அளவு. காசு போட்டால் விளையாட்டில் காசு எடுக்கும்போது வருகிற அந்தச் சத்தம் கேட்கும். விளையாட்டுக்கு இசையமைத்த கொந்தோ கோஜி போட்ட சத்தம். இரண்டே சுரம், ஒன்று சின்னதாக, அடுத்தது அதைவிட உயரத்தில் நீண்டு. அதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்குப் பத்து வயது ஆகிவிடுகிறது. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் ஃபமிகாம் என்ற பேரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. டிவி கேம் என்று ஒரு பெட்டி விற்றார்கள். உள்ளே இருந்தது ஃபமிகாமின் நகல். மஞ்சள் கேசட் ஒன்றைச் செருகினால் ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் பட்டியல் காட்டும். புரட்டிப் பார்த்தால் இருபது முப்பதுதான் திரும்பத் திரும்ப வரும். கேசட் ஓடாவிட்டால் எடுத்து வாயால் ஊதிச் செருகுவோம். ஊதினால் ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. (ஊதியதால் ஓடவில்லை, எடுத்து மறுபடி செருகியதால்தான் ஓடியது, வாய் ஈரம் பின்களுக்குக் கேடு.) அந்த மாரியோவை ஜப்பான்காரன் செய்தான் என்பதே எனக்குக் கல்லூரிக் காலத்தில்தான் தெரியும். இப்போது அவன் தேசத்தில், அவன் காசுச் சத்தத்தில், என் மகள் பத்து யென் காசுகளைப் போட்டுச் சேமிக்கிறாள். நானும் அவ்வப்போது போடுகிறேன். சத்தத்துக்காகத்தான், வேறொன்றுமில்லை.

நாற்காலியை மறந்துவிடக் கூடாது. அதில் விளையாட்டுப் படம் உறையில் மட்டும்தான், ஆனால் பொறியியல் பிரமாதம். சக்கரம் வைத்த நாற்காலி. ஆனால் குழந்தை உட்கார்ந்த உடனே பாரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளும், எழுந்தால்தான் உருளும். வீட்டுப்பாடத்துக்கு நடுவே அறையைச் சுற்றிக் கார் ஓட்ட முடியாது. கால் வைக்கும் பலகையையும் உட்காரும் தட்டையும் ஏற்றி இறக்கலாம், பிள்ளை வளர வளர. மகளுக்கு மட்டும் அந்தப் பூட்டு பிடிக்கவில்லை. மாரியோ கார்ட் ஓட்ட நாற்காலி சரிப்படவில்லை என்று அவளுக்கு வருத்தம்.

மற்ற விளையாட்டுகளைச் சேர்ந்த சாமான்களும் வீட்டில் குடியேறிவிட்டன. கிர்பி ஒரு மெத்தை. அது உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1992-ல் வந்த கேம் பாய் விளையாட்டுக்கு அதை உருவாக்கிய சகுராய் மசாஹிரோ தற்காலிகமாகப் போட்டுவைத்த உருண்டை அது. வேறு நல்ல உருவம் கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தார்கள். அதற்குள் எல்லாருக்கும் அந்த உருண்டையே பிடித்துப்போய்விட்டது. டிராகன் குவெஸ்ட்டின் நீல ஸ்லைம், கொழுக்கட்டை போலக் கூம்பாக, காகிதம் பறக்காமல் வைக்கும் எடையாக உட்கார்ந்திருக்கிறது. அந்த விளையாட்டை உருவாக்கிய ஹோரி யூஜி கிறுக்கித் தந்தது ஒரு குழகுழக் குவியல். ஓவியர் டோரியாமா அகிரா அதை இந்தத் துளி வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒரு சிரிப்பையும் வைத்தார். போக்கிமோனுக்கு நான் வேறொரு விதத்தில் கடன்பட்டிருக்கிறேன். அந்தப் பெயர்கள் எல்லாம் கதகானா எழுத்தில் வரும். விரிப்பில் இருந்த பெயர்களைப் படித்தே தீர வேண்டும் என்று மகள் கதகானாவைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரும் முன்னே பிடித்துக்கொண்டாள். நான் இன்னும் பயிற்சிப் புத்தகத்தில் தடவிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாமே தேன் என்று சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஒரு கடையில் வாங்கிய குப்பைக்கூடை, படத்தில் பச்சைக் குழாய், கையில் வந்தது பாசி படிந்த சிமெண்ட் குழாய் நிறம். விளிம்பும் இல்லை. இரண்டு மாதம்கூட நிற்காமல் கீறல் விட்டது. விளையாட்டுக் கம்பெனியின் உரிமம் பெற்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் இதுதான் கதி. விலையும் லேசில்லை, அதே அளவு சாதாரணப் பெட்டி மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மனைவி இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் நான் உண்டியலில் ஒரு காசு போட்டுப் பேச்சை மடக்கிவிடுவேன்.

மாரியோவைச் செய்த நிண்டெண்டோ என்பது திரைக்கு முன்னாலேயே கைக்குப் பொருள் செய்த கம்பெனி என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். 1889-ல் கியோத்தோவில் பூச்சீட்டு என்கிற ஹனஃபுதா சீட்டுக் கட்டு அடித்துத் தொடங்கியவர்கள். 1966-ல் அவர்களிடம் வேலை பார்த்த யோகொய் குன்பெய் செய்த அல்ட்ரா ஹேண்ட், நீட்டினால் நீண்டு பொருளைக் கவ்விப் பிடிக்கிற வெறும் பிளாஸ்டிக் கை, சக்கைப்போடு போட்டது. கியோத்தோ பக்கத்து ஊஜியில் 2024 அக்டோபரில் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் அதை இயக்கிப் பார்க்கலாம். தொட்டால் கைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தே பழகியவர்களின் உலகம் மேசைக்கு வந்தால், அது ஒட்டிய படமாக இருக்காமல் பொருளாகவே இருப்பதில் ஆச்சரியமில்லை.

டோக்கியோ பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஷிபுயாவில் பார்கோ கட்டடத்தின் ஆறாவது மாடியில் நிண்டெண்டோ டோக்கியோ கடை இருக்கிறது, 2019 நவம்பரில் திறந்தது. வீட்டுச் சாமான்களுக்கென்றே மாரியோ வரிசை ஒன்று அங்கே உண்டு. அதே மாடியில் போக்கிமோன் கடையும் இருக்கிறது, ஆகவே பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் நசுங்குவீர்கள். மேசை விரிப்பு வேண்டுமென்றால் பெரிய மரச்சாமான் கடைகளுக்குப் போங்கள். குளிர்காலத்தில் போனால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும், ஏப்ரலுக்குப் பிறகு மிச்சம் மீதிதான். மேசையின் அகலத்தை முன்னாடியே அளந்து எழுதிக்கொண்டு போங்கள். இங்கே மேசைகள் பெரும்பாலும் ஒரு மீட்டர் சுமாருக்கு இருக்கும், ஊரில் உங்கள் மேசை எப்படியோ. சுருட்டினால் பெட்டியில் அடங்கும், மடித்தால் மட்டும் தழும்பு போகாது. மடக்கும் ஸ்டூல் வாங்குங்கள், தட்டையாகிவிடும். மேசை விளக்கைப் பார்த்து மயங்காதீர்கள். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் 230. அடாப்டரில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் ஒழிய, எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.